கதவைச் சாத்தாமல்

கிட்டே வந்து உட்காருங்க. இன்னும் கிட்டே. சத்தம் போட்டுச் சொல்லுகிற சங்கதி இல்லை இது. நாலு மணி நேரம் ஒரு மிஷின் ஓடுகிறது, அந்த ஓட்டத்துக்குள்ளே ஒரு பொம்பளை தன் மனசோடு பேசிக்கொண்டு கிடக்கிறாள். அதைக் கேட்கணும் என்றால் காதை அவள் நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கணும். பேர் உலகம்மாள். வயசு ஐம்பத்தேழு. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தவள். இரண்டு கிட்னியும் கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டு போகிறாள். அன்றைக்குப் புதன்கிழமை, பகல் பதினோரு மணி. எடை பார்க்கிற மிஷினில் ஏறி நின்றாள், மடியிலே ஒரு கிலோ படிக்கல்லைக் கட்டிக்கொண்டு.

"நாப்பத்தொம்பது" என்று வாசித்த ஜெபசீலி சிஸ்டரின் பேனா அட்டைமேல் அப்படியே நின்றது. "இருக்க வேண்டியது நாப்பத்தாறும்மா. மூணு கிலோ ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க. ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன்லா?" அடுத்த கட்டிலில் ஏற்கெனவே குழாய் மாட்டிக் கிடந்த நயினார் அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்காது. "சிஸ்டர், ஆத்துல தண்ணி வத்திப்போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். ஆரு குடிச்சான்னு இப்பம்லா தெரியுது." உலகம்மாள் சிரித்தாள், பிடிபட்ட திருடி சிரிக்கிற மாதிரி. திருடாதவள் அந்தச் சிரிப்பைச் சிரிக்கிறது லேசு இல்லை. ஒரு மாசமாகப் பழகி வாய் அதற்குத் தக்கபடி கோணிக்கொண்டுவிட்டது. அவள் குடிக்கவில்லை. கால் டம்ளர் கூடுதலாகக் குடிக்கவில்லை. மகள் பொன்மலர் காலையில் ஒரு பாட்டிலில் அரை லிட்டர் ஊற்றி, கண்மையால் அதில் அஞ்சு கோடு போட்டு வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். காலைக்கு இந்தக் கோடு வரை, மத்தியானத்துக்கு இது, மாத்திரைக்கு இது. கடைசிக் கோட்டுக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைப்பாள் உலகம்மாள். நாக்கு செருப்புத் தோலாட்டம் கிடக்கும். ஒரு புளியங்கொட்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டு அதுக்கு ஊறுகிற எச்சிலை விழுங்குவாள். கூடினதில் ஒரு கிலோ கல்லுடையது. புருஷன் அய்யாத்துரை தள்ளுவண்டியில் காய்கறி விற்ற காலத்துக் கல், அறுபட்டை, இரும்பு, தலையில் ஒரு வெள்ளைப் பெயிண்ட் பொட்டு. ஆஸ்பத்திரிக் கக்கூசுக்குள் போய் மடியில் வைத்து இரண்டு முடிச்சுப் போடுவாள். வீட்டுக்குப் போகுமுன்னே அதே கக்கூசில் அவிழ்த்துப் பைக்குள் டிபன் டப்பாவுக்கு அடியில் போடுவாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்கிறார்கள். அவளுக்கு வழியில் பயம் இல்லை. பயம் எல்லாம் இன்றைக்கு மூன்று மணிக்குமேல் வரப்போகிற சங்கதியைப் பற்றித்தான்.

ஊசி இறங்கியது. ஒன்று எடுக்கிற ஊசி, ஒன்று கொடுக்கிற ஊசி. இடது கையில் ஊசி போடுவதற்கென்று நரம்பைச் சேர்த்துத் தைத்த இடத்தில் ரத்தம் ஒரு வண்டாக எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும், தூங்குகிறபோது காதை வைத்தால்கூடக் கேட்கும், அது நின்றால் நான் நிற்பேன் என்று நினைத்துக்கொள்வாள், இப்போது அதன்மேல் பிளாஸ்திரி. குழாய் சிவந்தது. மிஷினுக்குள் சக்கரம் சுற்றுகிற சத்தம், ஆட்டுக்கல்லில் கடைசி மாவை வழிக்கிறபோது வருகிற சத்தம். இன்றைக்குப் பெரிய டாக்டர் எடை எழுதின அட்டையைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பொன்மலரிடம் ஆமா என்பார், இல்லாவிட்டால் இல்லை என்பார். பொன்மலர் தன் கிட்னி ஒன்றை அம்மாவுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். ரத்தம் சேர்ந்துவிட்டது. ஸ்கேன் சேர்ந்துவிட்டது. என்னென்னவோ பரிசோதனை, எல்லாம் சேர்ந்துவிட்டது. ஜாதகம்கூட இப்படிப் பொருந்தாது என்று சிஸ்டர் சொன்னாள். மிச்சம் இருக்கிறது இந்த அட்டை ஒன்றுதான். போன மாசம் எதிர்க் கட்டில்காரனிடம் டாக்டர் சொன்னது உலகம்மாள் காதில் விழுந்தது, காது மட்டும் அவளுக்கு ஊசி, "தண்ணியில கட்டுப்பாடு இல்லாதவங்களுக்கு நான் கிட்னி வைக்க மாட்டேன். வச்சது வீணாப் போயிரும்." அன்றைக்கு ராத்திரியே பரணில் சாக்குக்குள் கிடந்த கல்லைத் துழாவி எடுத்தாள். வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்று நீங்க கேட்பீங்க. சொன்னாள். வேண்டாம்ளா, என்று மூன்று மாசமாகச் சொன்னாள். பொன்மலர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ சொல்லுத, நான் கேக்கலை, அவ்வளவுதானே" என்றாள். சாத்தின கதவை உடைக்கிற பிள்ளை அது. சாத்தக் கூடாது. பள்ளிக்கூடத்துக் கிறிஸ்டபெல் மிஸ் அதைத்தானே சொல்லிக்கொடுத்தாள், சாத்தக் கூடாது, திறந்து வைக்கணும், ஆனால்.

அஞ்சாம் வகுப்பு பி பிரிவு வாசலில் முக்காலி. முக்காலியில் உலகம்மாள், மடியில் யாரோ ஒரு பிள்ளையின் நனைந்த டவுசர். உள்ளே மிஸ். வருஷா வருஷம் ஆடிக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்கிறபோது அந்தப் பாடம் வரும், அந்த வார்த்தை வரும். டிஸ்கரேஜ். நாற்பது தொண்டை ஒன்றாகச் சொல்லும், டிஸ்கரேஜ். வெர்ப். செய்கிற சொல். அர்த்தம், மனம் தளரச் செய்தல். எழுதுங்க. அதோடு மிஸ்ஸுக்குத் திருப்தி வராது. எழுந்து வந்து கதவைப் படார் என்று சாத்துவாள், முக்காலியில் இருக்கிற உலகம்மாள் மூஞ்சிக்கு நேரே. "இப்போ நீங்க கிரவுண்டுக்குப் போக முடியுமா? முடியாது. இது தடுக்கிறது. இது வேற வார்த்தை." திரும்பக் கதவு திறக்கும். "இப்போ திறந்திருக்கு. போகலாம். ஆனா வெளியே பாம்பு படுத்திருக்குன்னு சொல்றேன். யாராவது போவீங்களா? மாட்டீங்க. நான் பிடிச்சு வைக்கலை, கதவைச் சாத்தலை, போகணும்கிற ஆசை உங்களுக்கே போயிடுச்சு. இதுதான் டிஸ்கரேஜ்." இருபத்திரண்டு வருஷம், இருபத்திரண்டு தரம் அந்தக் கதவு அவள் முகத்தில் சாத்தித் திறந்திருக்கிறது. பிள்ளைகள் அந்த வார்த்தையை உள்ளே இருந்து படித்தார்கள், அவள் வெளியே இருந்து படித்தாள். அப்புறம் ஒன்றுக்கு வருகிற பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆயா நிசமாவே பாம்பு இருக்கா என்று கேட்கும். மிஸ் சும்மா சொல்லுதாவ, வா. அந்த வாரம் பூரா டவுசர் நனைகிறது கூடும். ஒரு வார்த்தையின் அர்த்தம் பிள்ளைகளுக்கு விளங்கினதை டவுசர் அலசுகிறவள்தான் முதலில் அறிவாள்.

மேக் யுவர் ஓன் சென்டென்ஸ் என்பாள் மிஸ். சொந்தமாக ஒரு வாக்கியம். யார், யாரை, எதிலிருந்து. மூன்றும் இருந்தால்தான் முழு வாக்கியம். பிள்ளைகள் பந்து விளையாட்டைப் பற்றி எழுதும், மிட்டாயைப் பற்றி எழுதும். உலகம்மாளுக்கு நோட்டு கிடையாது, நெஞ்சுக்குள் எழுதிக்கொண்டாள். என் அப்பன் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து. எப்படி? அடித்தானா, இல்லை. போகாதே என்றானா, இல்லை. மூன்றாம் வகுப்பில் சாயங்காலம் சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைத்து, இன்னைக்குப் படிச்சதை வாசி தாயி என்பான். வாசிப்பாள். அப்பன் அம்மாவைப் பார்ப்பான். ரெண்டு பேரும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள், கெட்ட சிரிப்பு இல்லை, குரங்கு சலாம் போட்டால் சிரிக்கிற சிரிப்பு. பதினாலு நாள் வாசித்தாள். பதினைந்தாம் நாள் சிலேட்டை வைக்கோல் போருக்குள் சொருகினாள். பள்ளிக்கூடம் திறந்துதான் கிடந்தது. அந்த வைக்கோல் வாசனை இப்போது எங்கேயிருந்து வருகிறது, ஏசி குளிரில், டெட்டால் வாடையில். மூக்குக்குள் இருக்கிறது போல. சரி, அது ஒரு வாக்கியம். இன்னொன்று. யார், நான். யாரை. வேண்டாம். எத்தனை மணி. பதினொன்றே முக்கால். சிஸ்டர் மிஷினில் பித்தானை அமுக்குகிறாள், மூன்று கிலோ தண்ணீரை உறிஞ்சச் சொல்லி அமுக்குகிறாள், இரண்டு கிலோதான் இருக்கிறது, மூன்றாவது கிலோ இரும்பு. வெளியே பெஞ்சில் பொன்மலர் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மற்ற நாளெல்லாம் உலகம்மாள் தனியாக பஸ்ஸில் வந்துபோகிறவள். இன்றைக்கு மகள் பையைத் தூக்க வந்தாள், நான் தூக்குதேன் விடு என்றதுக்கு ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளை. கோடு போட்ட பாட்டிலையும் அட்டையில் இருக்கிற எண்ணையும் அது சேர்த்துப் பார்க்காமலா இருக்கும். போன வாரம் கேட்டது, "எம்மா, குழாயடியில குடிச்சியா?" குடிச்சேன் என்றாள் உலகம்மாள். "எவ்வளவு?" ரெண்டு செம்பு. "நெசமா?" ஆமாளா, தவிச்சுது, குடிச்சேன். பொன்மலர் கோபப்படவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் கோடுகளைப் பார்த்தாள், மறுபடி போட்டாள், மெல்லிசாக. தன் கோடு தடித்துவிட்டது என்று நினைத்ததோ என்னமோ.

தண்ணீர் என்று நினைத்ததும் தண்ணீர் வந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பானை, மணலுக்குமேல் வைத்த பானை, அதில் பிள்ளைகள் மொண்டு குடித்துவிட்டுப் பாதியைத் தரையில் ஊற்றும், ஊற்றாதீங்கட்டி என்று கத்துவாள், அந்தத் தரையை இப்போது நக்கலாம். நயினார் அண்ணாச்சி இந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். "என்ன தங்கச்சி, மக இன்னைக்குப் பேச வந்திருக்காளாமே." ஆமா அண்ணாச்சி. "வாங்கிக்கிடுவியா?" டாக்டர் என்ன சொல்லுதாரோ. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் வாங்கினேன். பதினாலு மாசம். கோமு குடுத்ததைப் பதினாலு மாசத்துல ஒண்ணுக்கிருந்தே தீத்துட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார், குழாய் ஆடியது. அவர் பெஞ்சாதி கோமு அக்கா கீழே இருப்பாள். அவரைக் கொண்டுவந்து விடுகிறவள் அவள்தான், ஒவ்வொரு வளைவிலும் படியில் உட்கார்ந்து இளைப்பு ஆற்றி ஏறி வருவாள். முன்னே ரெண்டு குடம் தண்ணீர் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகப் போனவள். சிஸ்டர் சொல்லுகிறாள், எல்லாருக்கும் அப்படி ஆகிறதில்லை அம்மா, நூற்றில் தொண்ணூறு பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இருக்கட்டும். தொண்ணூறு பேரை நான் பார்த்தேனா, கோமுவைத்தான் பார்த்தேன். ஜவுளிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை உட்காராமல் நிற்கிறவள் பொன்மலர், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவான், மாப்பிள்ளை வடக்கே லாரியில், ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு நான் கோமுவைப் போல ஒரு அம்மாவைக் கொடுத்துவிட்டு, பதினாலு மாசம் ஒன்றுக்கிருந்துவிட்டுப் போகவா? எனக்கு என்ன இருக்கிறது. நரம்பு தேய்ந்துகொண்டே வருகிறது, ஊசி போட இடம் தேடுகிறாள் சிஸ்டர், ஒரு வருஷம், ஒன்றரை, அவ்வளவுதான் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்லாமல் தெரிகிறதுதான். பயமா இருக்கிறதா? இருக்கிறது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ராத்திரி வண்டு இரைவதைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறேன். ஆனால் அவளிடம் நான் ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டேன். ரெண்டாவது வாங்கக் கூடாது.

அந்த வாக்கியம் வந்துவிட்டது. யார், நான். யாரை, பொன்மலரை. எதிலிருந்து. சொல்லு. நர்ஸ் படிப்பிலிருந்து. பதினேழு வயசு. நாகர்கோவிலில் இடம் கிடைத்து, கவருக்குள் கடிதாசி வந்து, அதை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். அய்யாத்துரைக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து ஆறு மாசம், கட்டிலோடு கிடக்கிறான், வண்டி வெயிலில் நிற்கிறது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டு, அழுது, சோறு தின்னாமல் கிடந்து, போயே போயிருப்பாள். சாத்தின கதவை உடைக்கிற பிள்ளை. உலகம்மாளுக்கு அது தெரியும், அதற்குள் பன்னிரண்டு ஆடிக்காற்று அந்தப் பாடத்தைக் கேட்டாகிவிட்டது. "போ தாயி" என்றாள். "நல்லாப் போ. அப்பாவை நான் பாத்துக்கிடுதேன். காலையில மலசலம் எடுத்துப் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போறேன், மத்தியானம் அவரு அப்படியே கெடக்கட்டும், சாயந்திரம் வந்து மாத்துதேன். ஈ மொய்க்கும், என்ன செய்ய. நீ போ." அவ்வளவுதான். குரலில் ஒரு தழுதழுப்புக்கூட வைக்கவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்தாள், உருவி முடித்தாள். பொன்மலர் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு அந்தக் கடிதாசியை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பீரோவுக்கு ஒரு கால் கட்டையாக இருந்து ஆடிக்கொண்டே இருக்கும், குனிந்து அதற்கு அண்டை கொடுத்தாள். கையால் அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. மறு திங்கட்கிழமை ஜவுளிக்கடைக்குப் போனவள்தான். இன்று வரைக்கும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. பீரோவும் இன்று வரை ஆடவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டை ஒழிக்கிறபோது அந்தக் காலுக்குக் கீழே மட்டும் துடைக்காமல் விடுகிறார்கள், அவளும் விடுகிறாள், இவளும் விடுகிறாள். அந்தப் பிள்ளைதான் இப்போது வந்து, எம்மா ஒண்ணை எடுத்துக்கோ என்கிறது. மிஸ், இதற்கு என்ன வார்த்தை.

ரெண்டு மணி சுமாருக்கு இடது கெண்டைக்காலில் முதல் பிடிப்பு விழுந்தது. வரும் என்று தெரியும். உடம்பில் இருக்கிற கூடுதல் தண்ணீர் தீர்ந்துவிட்டது, மிஷின் இன்னும் ஒரு கிலோவுக்குக் கணக்கு வைத்திருக்கிறது. கல்லுக்குள் தண்ணீர் கிடையாது. மிஷினுக்கு அது தெரியாது, கல்லின் தண்ணீரை அவள் காலில் தேடுகிறது, தொடையில் தேடுகிறது, கிணறு வற்றின பிறகும் மோட்டார் ஓடுகிற மாதிரி சேற்றை இழுக்கிறது, சதை கயிறாகத் திரிகிறது, பெருவிரல் தானாக மேலே எழும்புகிறது, கத்தக் கூடாது, கத்தினால் சிஸ்டர் ஓடிவந்து உறிஞ்சுகிறதை நிறுத்திவிடுவாள், நிறுத்தட்டும், நிறுத்தினால்தானே அட்டையில் எடை இறங்கவில்லை என்று விழும், ஆனால் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம், இது என் பங்கு, பொன்மலர் பன்னிரண்டு மணிநேரம் நின்ற காலுக்கு, வருஷத்துக்கு, எத்தனை வருஷம், பதினாறு, பதினாறு வருஷம் நின்ற காலுக்கு இது ஒரு பத்து நிமிஷம். காது அடைத்தது. கூரையில் விளக்கு ரெண்டாகி நாலானது. "அம்மா, ஒலகம்மா, கண்ணைத் தெறங்க." ஜெபசீலி காலைப் பிடித்துப் பாதத்தை மேலே வளைத்து அமுக்கினாள். "பிரஷர் எறங்கிட்டு. நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். ஏம்மா ஒவ்வொரு தடவையும் இப்படி? இருக்கிற தண்ணி வெளிய வரமாட்டேங்குது, எடுத்தா இழுக்குது. எனக்கு இந்தக் கணக்கே பிடிபடலை. வீங்கியிருக்கணும்லா, முகம் வத்தின மாங்காயாட்டம் இருக்கு. டாக்டர்கிட்டச் சொன்னா, நாக்கை அடக்கச் சொல்லும்மா முதல்லங்கிறார்." மன்னிச்சிரு தாயி என்றாள் உலகம்மாள். அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் சொன்ன நிசம்.

டாக்டர் ரூம் இந்த ஹாலுக்கு மறுகோடியில். கதவைச் சாத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை, ஒரு மர ஸ்டூலை அண்டை கொடுத்து எப்போதும் திறந்தே வைத்திருப்பார். கட்டிலில் கிடந்தபடி பார்த்தால் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர் முதுகு தெரியும், பேச்சுக் கேட்காது. மூன்று மணிக்குப் பொன்மலர் போய் உட்கார்ந்தாள். நிமிர்ந்த முதுகு. பச்சைச் சேலை, கடையில் யூனிபாரம் இல்லாத நாளைக்கு உடுத்துகிற சேலை, கழுத்துக்குக் கீழே ஊக்கு. டாக்டர் அட்டையை விரல் வைத்துக் கீழே கீழே வாசித்துக்கொண்டு வந்தார். முதுகு பேசியது, கை ஆடியது, பாட்டில் உயரத்தைக் காட்டியது, கோடு போடுகிறதை விரலால் காட்டியது. ஐயோ, அந்தக் கோட்டைச் சொல்லுகிறாள். டாக்டர் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். கோபம் இல்லை, நல்ல மனுஷர், பொறுமையாகச் சொல்லுகிறார், நல்லவிதமாகச் சொல்லுகிறார், அதனால்தான் அது உள்ளே இறங்கும். உலகம்மாள் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஒரு முதுகு தளருகிறதைப் பார்த்திருக்கிறீங்களா? முதலில் கழுத்து போகும். அப்புறம் தோள் ரெண்டும் முன்னாலே வரும். கடைசியில் அந்த ஊக்குக்குக் கீழே சேலை தொளதொளவென்று காற்றில்லாமல் கிடக்கும். மனம் தளரச் செய்தல். இருபத்திரண்டு வருஷம் கேட்டது, கண்ணால் பார்க்கிறாள். நான்தான் செய்தேன். நினைத்தது நடந்தது, சந்தோசப்படு. சந்தோசப்படத்தான் பார்த்தாள். கல் இடுப்பு எலும்பில் அழுத்தியது. எழுந்திருச்சுப் போய், டாக்டரே இவளை நம்புங்க, கோடு சரி, நான்தான் என்று சொன்னால் அந்தத் தோள் நிமிரும். நிமிர்ந்தால் கட்டிலில் போய்ப் படுத்து வயிற்றைக் கிழித்துக் கொடுப்பாள். சொன்னால் அப்படி, சொல்லாவிட்டால் இப்படி. நிமிர்ந்தபடி இருக்கவும் வேண்டும், கொடுக்காமலும் இருக்க வேண்டும் என்றால் அதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் வார்த்தை கிடையாது.

பொன்மலர் கட்டிலண்டை வந்து நின்றபோது முகம் அழுத முகம் இல்லை. அழுதிருந்தால் தேவலை. பதினேழு வயசில், கீரை உருவுகிறவள் முன்னால் கொஞ்சநேரம் நின்ற முகம், ஒரு சுருக்கம் கூடக்குறைய இல்லாமல் அதே முகம். "என்ன சொன்னாவ?" என்று கேட்டாள் உலகம்மாள், தெரியாதவள் போல. "இப்பம் வேண்டாமாம். அட்டை சரியில்லையாம். ஆறு மாசம் ஒழுங்கா இருந்தா திரும்பப் பாக்கலாமாம்." ஆறு மாசம் என்றபோது அவள் கண் மிஷின்மேல் போய் வந்தது. "சரி, விடு" என்றாள் உலகம்மாள். "எனக்கு நாக்கு அடங்கலை, நீ என்ன செய்வ." பொன்மலர் அம்மா காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பிடித்துக்கொண்ட சதையைக் கட்டைவிரலால் நீவினாள். "நான்தான் சரியா அளக்கலை போல" என்றாள். "பாட்டில் அடி குழிஞ்சு இருக்கும்லா, அதைக் கணக்குல சேக்காம விட்டுட்டேனோ என்னமோ." உலகம்மாளின் வாய் திறந்தது. புளியங்கொட்டை இல்லாத வெறும் வாய். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, அதை வறட்சி என்று வைத்துக்கொண்டாள். நயினார் அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊசி ரெண்டையும் உருவி, பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் அமுக்கி, கட்டிலை விட்டு இறங்க வேண்டியது. இறங்கினதும் வீட்டுக்குப் போகுமுன்னே மறுபடி எடை பார்க்கணும். எப்போதும் சிஸ்டர்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள், ரெண்டு எட்டு. அன்றைக்கு எதிர்க் கட்டிலில் எவனுக்கோ குழாய் அடைத்துக்கொண்டது, ஜெபசீலி அங்கே ஓடியபடி, "பொன்மலர், அம்மாவை நீங்க எடையில ஏத்துங்க, நான் வந்து எழுதுதேன்" என்றாள். உலகம்மாள் நானே போறேன் என்றாள். கால் பூமியில் ஊன்றவில்லை, மடங்கியது. பொன்மலர் குனிந்து இடுப்போடு சேர்த்து அணைத்துத் தாங்கினாள். தாங்கின கை இடுப்பில் நின்றது. கை அங்கேயே நின்றது. விரல் ஒன்று சேலைக்குமேல் அந்த அறுபட்டையைச் சுற்றி வந்தது, ஒவ்வொரு பட்டையாக, ஒன்று, ரெண்டு, மூன்று. உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "சேலை அவுந்திருக்கும்மா, இப்படித் திரும்பு" என்று மகள் சொன்னது கேட்டது, சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினது தெரிந்தது, முடிச்சு ரெண்டும் அவிழ்ந்தது, கனம் போனது. கண்ணைத் திறந்தாள். பொன்மலர் உள்ளங்கையில் கல். அய்யாத்துரை வைத்த வெள்ளைப் பொட்டு. சின்னதில் பொன்மலர் அந்தக் கல்லைத்தான் தட்டில் வைத்துவிட்டு வண்டிக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போடுவாள். உதடு அசைந்தது, இப்போதும் கணக்குத்தான் போட்டது. பாட்டில், கோடு, நாற்பத்தொன்பது, நாற்பத்தாறு, காலில் விழுந்த பிடிப்பு, ரெண்டு செம்பு குடித்தேன் என்ற பொய், எல்லாம் அந்த உள்ளங்கையில் ஒன்றுசேர்ந்து நேர்நின்றது. பிறகு தலையைத் தூக்கி ஹாலின் மறுகோடியைப் பார்த்தாள். டாக்டர் மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு எட்டு இருக்கும். ஸ்டூல் அண்டை கொடுத்து, கதவு திறந்தேதான் கிடந்தது. போ, என்று உலகம்மாளுக்குள் ஒருத்தி சொன்னாள், போகாதே, என்று ஒருத்தி சொன்னாள், ரெண்டு பேரும் அவளேதான். பொன்மலர் அந்தக் கதவைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றாள். பிறகு குனிந்தாள். கல்லைத் திரும்ப அம்மா மடியில் வைத்து, சேலைத் தலைப்பைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள், ரெண்டாவது போட்டாள், அம்மா இதுவரை போடாத மூன்றாவது முடிச்சையும் போட்டு இறுக்கி, வெளியே தெரியாமல் கொசுவத்தை இழுத்துவிட்டு, கையால் அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. "ஏறும்மா" என்று அம்மாவைத் தூக்கி எடை மிஷின்மேல் நிறுத்தினாள்.